கிழங்கு தோண்டும் இடமும் சாட்சிதான்

செவ்வாய் இரவு, பேரையூர்

ஆரப்பாளையத்தில் தேனி வண்டி ஏறி உசிலம்பட்டியில் இறங்கினோம். அங்கிருந்து சேடபட்டி வழியாகப் போகும் பஸ். பங்குனி வெயில் காலை பத்து மணிக்கே தார் ரோட்டைப் பளபளக்க வைத்துவிட்டது. கூட வருகிறவள் என்னைவிட இருபது வயது இளையவள். ஆண்டிபட்டிப் பக்கத்துப் பளியர் என்ற மலைப் பழங்குடிக் குடும்பத்துப் பெண், அவள் வீட்டில் முதல் பட்டதாரி. மலையடிவாரப் பளியர் குடியிருப்புகளில் எங்கள் நிறுவனம் பார்க்கும் வன உரிமை வேலையின் பொறுப்பு அடுத்த மாதம் முதல் அவள் கைக்குப் போகிறது. இதுவரை நான் பார்த்துவந்த ஊர்களுக்கு அவளோடு போய், காகிதங்களையும் மனிதர்களையும் ஒப்படைப்பதுதான் இந்த வாரத்தின் வேலை. இரவில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் அன்றன்றைக்கு எழுதி ஏற்றுகிறேன்.

எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் "பழங்குடி மக்களோடு வேலை பார்க்கணும், என்ன செய்யணும் மேடம்?" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். ஊர் தானே பேசி முடிவெடுக்கத் துணைநிற்கும் ஃபெசிலிடேட்டர் வேலை என்றால் மைக் பிடிப்பது, சார்ட் பேப்பரில் எழுதுவது, குரூப் பிரிப்பது என்று நினைக்கிறார்கள். நாள் முழுக்க என்ன நடக்கிறது என்று காட்டினால் அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

வழியில் பெருங்காமநல்லூரில் இறங்கி நினைவுத்தூணைப் பார்த்தோம். 1920 ஏப்ரல் 3. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி பிறமலைக் கள்ளர் ஆண்கள் எல்லோரும் ரேகை பதிய வேண்டும் என்று போலீஸ் வந்தது. ஊர் மறுத்தது. துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மாயக்காளும் அதில் ஒருத்தி. அந்தச் சட்டம் 1947 வரை இந்த மாகாணத்தில் இருந்தது. அந்த மக்கள் பழங்குடிப் பட்டியலில் வருகிறவர்கள் அல்ல, அவர்கள் கதை வேறு. ஆனாலும் இந்தப் பக்கம் வேலைக்கு வரும் ஒவ்வொரு புதியவரையும் நான் முதலில் இங்கேதான் கூட்டி வருவேன். நம் பையில் எப்போதும் ஒரு மைப்பெட்டி இருக்கிறது. "இங்க ஒரு கைரேகை வைங்க பாட்டி" என்று நாம் சாதாரணமாகக் கேட்கிறோம். இந்த வட்டாரத்தில் ரேகை வைப்பது சாதாரணமாக இருந்ததில்லை. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படித்துக் காட்டாமல் மைப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது என் கட்டாய விதி. அவள் தூணில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தாள். நான் பேசவில்லை.

பேரையூரில் தெரிந்த வீட்டில் தங்கல். சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும்.

புதன் இரவு, சாப்டூர்

கடைசி நிறுத்தத்திலிருந்து மாந்தோப்புகளுக்கு நடுவே நடை. தோப்பு முடிகிற இடத்தில் பளியர் குடியிருப்பு. அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள், அவற்றுக்கு முன்னால் அவர்களே போட்டுக்கொண்ட கூரைப் பந்தல். பகலில் எல்லோரும் பந்தலில்தான். எதிரே மலை எழுந்து நிற்கிறது. அதற்குள் எங்கோ சதுரகிரி. ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஏறும் அதே காட்டில்தான் இவர்கள் தலைமுறைகளாகத் தேனும் கிழங்கும் எடுத்தார்கள்.

காலைக் கூட்டம் என்று சொல்லியிருந்தோம். ஆண்கள் புளி உலுக்கப் போயிருந்தார்கள், சிலர் தோப்புக் காவலில். பெண்களில் பாதிப் பேர் கூலிக்கு. வேறு வேலைகளில் இதைத் தாமதம் என்பார்கள். இங்கே கூலி விட்டுக் கூட்டத்துக்கு வா என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நாங்கள் பந்தலில் உட்கார்ந்தோம். ஒரு பாட்டி ஈச்ச ஓலையை வகிர்ந்து விளக்குமாறு கட்டிக்கொண்டிருந்தார். என்னோடு வந்தவள் கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து ஓலையை எடுத்துக் கிழிக்கத் தொடங்கினாள். அரை மணி நேரத்தில் பாட்டி அவளுடைய அம்மா ஊர், பாட்டி ஊர், யார் யாரைக் கட்டினார்கள் என்று முழு வரலாறையும் வாங்கிவிட்டார். நான் வந்து போன காலமெல்லாம் அந்தப் பாட்டி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சாப்டியா தாயி?"

எல்லோரும் திரும்பி, குளித்து, சமைத்து, கூட்டம் தொடங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்கு இரண்டு வகை உரிமைகளைத் தருகிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வனநிலத்தில் குடியிருந்தோ பயிர் செய்தோ வந்தால் தனிநபர் உரிமை, அதிகபட்சம் 4 ஹெக்டேர். இந்தக் குடியிருப்பில் பயிர் வைத்தவர்கள் குறைவு. இவர்களுக்குப் பெரிது அடுத்தது: சமூக உரிமை. தேன், நெல்லிக்காய், கடுக்காய், சீயக்காய், கிழங்கு எடுக்கும் உரிமை, சாமி கும்பிடப் போகும் பாதை, பாரம்பரியமாகக் காத்துவந்த காட்டைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமை.

தமிழ்நாட்டில் இது தொடங்கவே காலம் பிடித்தது. நீதிமன்ற வழக்கால் 2008 முதல் பட்டா கொடுப்பது தடைபட்டுக் கிடந்து, 2016-ல்தான் அந்தத் தடை நீங்கியது. அதற்குள் சாட்சி சொல்ல வேண்டிய பெரியவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். பெரியவர்கள் சொல்லும் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் ஓர் ஆதாரம் என்று இந்தச் சட்டத்துக்கான விதிகளில் விதி 13 சொல்கிறது. ஆதாரம் உயிரோடு இருந்தபோது விண்ணப்பம் வாங்க ஆளில்லை.

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதும் இங்கே பயம் கூடியது. சாப்டூர் வனச்சரகமும் அதற்குள் வருகிறது. "இனிமே உள்ளயே விடமாட்டாங்களாம்ல?" என்று ஒரு பையன் கேட்டான். சரணாலயமும் தேசியப் பூங்காவும்கூட இந்தச் சட்டத்தின் கணக்கில் வனநிலம்தான். அங்கேயும் உரிமை உண்டு, உரிமையை முடிவு செய்யாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது, இடம் மாற்றுவதானால் கிராம சபை மனமொப்பி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இதை அவள் சொன்னாள். சட்டப் பிரிவு எண் எதுவும் சொல்லாமல், பெரியம்மாவிடம் வீட்டு விஷயம் பேசுகிற குரலில் சொன்னாள்.

சொல்லி முடித்ததும் யாரும் பேசவில்லை. இந்த இடத்தைத்தான் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1962 முதல் 1964 வரை பளியர்களோடு தங்கி ஆராய்ந்தவர். ஒருவரை ஒருவர் அதட்டாத, போட்டி போடாத, சண்டை வருமென்றால் எழுந்து விலகிப் போகிற மக்கள் என்று அவர் பதிவு செய்தார். நான் பார்த்ததும் அதுவேதான். சின்னப் பிள்ளையைக்கூட "வா" என்று இழுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில், வெளியிலிருந்து வந்த ஒருத்தி "எல்லாருக்கும் சம்மதமா? கை தூக்குங்க" என்றால் கை தூக்கிவிடுவார்கள். மறுநாள் யாரும் வர மாட்டார்கள். தீர்மான நோட்டில் ஒருமனதாக நிறைவேறியது என்று இருக்கும். மேலாளருக்கு அனுப்பப் புகைப்படமும் இருக்கும். ஊர் எதையும் முடிவு செய்திருக்காது. மலைக் கிராமங்களில் எத்தனையோ திட்டங்கள் இப்படிக் கை தூக்கி வாங்கிய சம்மதத்தில் தொடங்கிப் பாதியில் செத்திருக்கின்றன.

அவள் கை தூக்கச் சொல்லவில்லை. டார்ச் லைட்டைத் தரையில் சாய்த்து வைத்தாள். சாம்பலும் கோலப்பொடியும் கேட்டு வாங்கினாள். "ஓடை எங்கிட்டு வருது?" என்று மட்டும் கேட்டாள். ஒரு அண்ணன் கோடு போட்டார். இன்னொருவர் பாறைக்கு ஒரு கல் வைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அதுவரை சும்மா இருந்தார்கள். மாறு கட்டிய பாட்டி எழுந்து வந்து, "அங்க இல்லடா, அந்தப் பாறைக்குக் கீழ்க்கோடியில" என்று கல்லை நகர்த்தினார். பிறகு மற்ற பெண்களும் வந்தார்கள். வள்ளிக்கிழங்கு தோண்டுகிற சரிவு, நூறாங்கிழங்கு கிடைக்கும் இடம், பேறுகாலத்தில் ஒருத்தி தங்கிய குகை, மழைக்காலத்தில் மட்டும் ஊறும் தண்ணீர்க் குழி. காட்டின் உட்பக்கம் பெண்களுக்குத்தான் அதிகம் தெரிந்திருந்தது. தேன் பாறைகளை ஆண்கள் குறித்தார்கள். மலைத்தேன் இருக்கும் செங்குத்துப் பாறை, பொந்துத்தேன் மரங்கள்.

சமூக உரிமைக்கு ஆதாரமாக விதி 13 அடுக்கும் பட்டியலில் கிழங்கும் வேரும் எடுக்கும் இடங்கள், தண்ணீர் எடுக்கும் இடங்கள், புனித மரங்கள், இடுகாடுகள் எல்லாம் இருக்கின்றன. தரையில் சாம்பலால் கிடந்தது கிட்டத்தட்ட முழு விண்ணப்பம். அவள் அப்படிச் சொன்னதும் பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்க கெழங்கு தோண்டுன குழிகூடச் சாட்சியா?"

"ஆமா பாட்டி. சட்டத்துலயே இருக்கு."

"தோண்டிட்டுத் தலைக்கெழங்க மறுபடி குழியிலயே வச்சு மூடிட்டுத்தான வருவோம். அடுத்த வருசம் மொளைக்கும். அதையும் எழுதுவியா?"

எழுதினாள். காட்டை நிர்வகிக்கும் உரிமை கேட்கும்போது அதற்கு முக்கியமான இடம் உண்டு.

வியாழன், பேரையூர்

இன்று எழுத அதிகம் இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் காத்திருப்பு, ஜெராக்ஸ் கடையில் காத்திருப்பு.

ஒன்று மட்டும் குறித்துவைக்கிறேன். கிராம சபை என்றதும் எல்லோருக்கும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 போன்ற நாட்களின் கூட்டம்தான் நினைவுக்கு வரும். அந்தக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கான வாக்காளர்களுக்கு நடுவே ஐம்பது பளியர் குடும்பம் என்ன பேச முடியும்? வன உரிமைச் சட்டத்தில் குக்கிராமமே தனியாகக் கிராம சபை கூட்டலாம். 2012 திருத்த விதிகள் இதைத் தெளிவாக்கின. பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவை அந்தச் சபை தேர்ந்தெடுக்கும். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் பழங்குடிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லாததால், அப்படிப்பட்ட பகுதிகளின் ஊராட்சிகளுக்கான 1996-ன் பெசா சட்டம் நம் மலைகளுக்குப் பொருந்தாது. ஆகவே குக்கிராம அளவிலான இந்தச் சபைதான் இங்குள்ள பழங்குடிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் ஒரே தனி மேடை. அதை ஊராட்சி அலுவலகம் ஏற்கும்படி செய்வதே களப்பணியாளர் வேலையில் பாதி. விதிகளின் தமிழ் நகலைப் பையில் வைத்திருங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை, பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும். இன்று அது நடந்தது. எழுத்தர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கூட்ட அறிவிப்பில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளி இரவு, ஆண்டிபட்டிப் பக்கம்

அவள் ஊர். மாலையில் மாவூற்று வேலப்பர் கோயிலுக்குப் போனோம். தெப்பம்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில், மரங்களின் வேரடியில் சுனை ஊறுகிற இடம். வள்ளிக்கிழங்கு தோண்டப் போன பளியர்களுக்குத்தான் இந்த முருகன் தென்பட்டார் என்பது தல வரலாறு. பூசை செய்வதும் பளியர்களே. சித்திரை முதல் நாள் இங்கே கால் வைக்க இடம் இருக்காது. இன்று ஆளே இல்லை. சுனைத் தண்ணீர் குடித்தோம், குளிர்ந்திருந்தது.

இரவில் அவள் சொந்தத் தெருவில் கூட்டம். மற்ற ஊர்களைவிட இங்கே அவளுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சாப்டூரில் அவள் விருந்தாளி. இங்கே ஒருத்தர் சித்தப்பா, ஒருத்தர் மாமன், ஒருத்தியோடு போன வருடம் தண்ணீர்க் குழாயடியில் சண்டை. "ஒம் மாமன் பேர மொதல்ல எழுது" என்று உரிமையோடு கேட்பார்கள். வெளியாளுக்கு இந்தச் சுமை இல்லை. வெளியாளுக்கு இல்லாத இன்னொன்று அவளிடம் இருக்கிறது: கூட்டம் முடிந்து நான் பஸ் ஏறிவிடுவேன், அவள் இங்கேயே இருப்பாள், சொன்ன வார்த்தைக்கு நாளைக் காலையில் குழாயடியில் பதில் சொல்வாள்.

மாமன் கேட்கவும் செய்தார். அவள் நோட்டை அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே வாசிங்க மாமா, எந்த வரிசையில எழுதுறதுன்னு ஊரே சொல்லட்டும்." அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். விதவைப் பெண்கள் இருக்கும் வீடுகள் முதலில் வரட்டும் என்று அவரே சொன்னார். தனிநபர் உரிமைப் பட்டாவில் கணவன், மனைவி இருவர் பெயரும் சேர்ந்து வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்றதும் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. நான் கூட்டத்துக்கு வெளியே திண்ணையில் இருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பி எதுவும் கேட்கவில்லை. பல வருடங்களாக நான் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

சனி, மதுரை திரும்பும் பஸ்ஸில்

உசிலம்பட்டி வரை அவளும் வந்தாள். சம்பளத்தைப் பற்றிப் பேசினோம். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு ஏணி கிடையாது. திட்டம் மூன்று வருடம், நிதி முடிந்தால் ஒப்பந்தம் முடியும். ஊர் உன்னை நம்பத் தொடங்குவதே மூன்றாவது வருடத்தில்தான். நான் இடையில் மகளிர் குழுத் திட்டத்திலும் ஒரு பயிற்சி மையத்திலும் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, விடுமுறை நாட்களில் மலைக்கு வந்திருக்கிறேன். என்னைப் போல ஓடி ஓடித்தான் இந்தத் துறையில் பலரும் நிற்கிறார்கள். அதிலும் நகரத்திலிருந்து எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை படித்துவிட்டு வருகிறவருக்குச் சம்பளம், குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைக்கு 'தன்னார்வலர் ஊக்கத்தொகை' என்று திட்ட அறிக்கைகளில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காட்டின் பெயர்கள் தெரிந்தவள், இரவு பத்து மணிக்கும் கதவைத் தட்டக்கூடியவள், வாக்குமூலம் சொல்லும் பாட்டியின் பேச்சு புரிந்தவள் அவள். சம்பளப் பட்டியலில் அவள் பெயர் எனக்கு மேலே இருக்க வேண்டும். புதுத் திட்டத்தில் அவளுக்கு முழுச் சம்பளம், பி.எஃப். என்று எழுதி வாங்கிய பிறகுதான் நான் கைமாற்றச் சம்மதித்தேன். நிதி கொடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அந்த ஒரு வரியை மாற்றுங்கள்.

படிக்க வேண்டுமென்றால் காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மதுரையிலேயே சமூக அறிவியல் கல்லூரி இருக்கிறது. தேன் எடுக்கும் மக்களோடு வேலை செய்வது எப்படி என்று பார்க்க 1993 முதல் இயங்கும் கோத்தகிரி கீஸ்டோன் அமைப்புக்குப் போய் வரலாம். ஆனால் வகுப்பறையில் கிடைக்காதவை சில உண்டு. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இருப்பது, மறுநாள் நடக்கும்போது பாதையில் வரும் பதிலை விட்டுவிடாமல் கேட்பது. கூலி நாளில் கூட்டம் வைக்காதிருப்பது. வாங்கித் தருகிறேன் என்று ஒருபோதும் சொல்லாதிருப்பது. பட்டா தருவது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு, முடிவு உன் கையில் இல்லை.

அவள் கேட்டாள்: "ரிஜெக்ட் ஆச்சுன்னா அக்கா? ஊரு என்னையத்தானே கேக்கும்?"

கேட்கும். அதனால்தான் தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில், விண்ணப்பித்தவர் கையில் கொடுக்க வேண்டும் என்பதையும், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் முதல் கூட்டத்திலேயே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். ஆதாரங்கள் எல்லாவற்றின் நகலும் குடியிருப்பிலேயே ஒரு தகரப் பெட்டியில் இருக்க வேண்டும், நிறுவன அலுவலகத்தில் அல்ல. நிறுவனம் மூடலாம், நானும் அவளும் வேறு வேலைக்குப் போகலாம். பெட்டியும் சாவியும் ஊரில் இருந்தால் மேல்முறையீடு நடக்கும்.

உசிலம்பட்டியில் அவள் இறங்கினாள். என்னிடமிருந்த பழைய வாக்குமூலக் கோப்புகள் முழுவதும் இப்போது அவளிடம். அதில் சிலரின் குரல் பதிவுகளும் இருக்கின்றன. பேசியவர்கள் இன்றில்லை. அவர்கள் வீட்டாருக்கு முதலில் போட்டுக்காட்டி, அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதிச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கள் மதியம், மதுரை

ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். அண்ணா பஸ் நிலையத்தில் எட்டு மணிக்கே சாப்டூர்க்காரர்கள் வந்து நின்றார்கள். நாலு பெண்கள், மூன்று ஆண்கள், மாறு கட்டிய பாட்டியும். முதல் நாள் இரவே கிளம்பி, சொந்தக்காரர் வீட்டில் தங்கி வந்திருந்தார்கள். மனுவை அவள் தயாரித்திருந்தாள். கோரிக்கை ஒன்றே ஒன்று: வன உரிமைக் குழு வேலை தொடங்க, விதி 6-ன்படி வன வரைபடமும் வருவாய் வரைபடமும் வாக்காளர் பட்டியலும் கிராம சபைக்கு வேண்டும். கொடுக்க வேண்டியது கோட்ட அளவிலான குழுவின் கடமை. சட்டம் எல்லாவற்றையும் விளக்கி மூன்று பக்கம் எழுதியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அவள் அரைப் பக்கத்தில் முடித்திருந்தாள்.

பாட்டி கைரேகை வைக்கும் முன் "படி" என்றார். வரிசையில் நின்றபடியே அவள் முழுதும் படித்தாள். பக்கத்தில் நின்ற வேறு ஊர்க்காரர்களும் கேட்டார்கள். பிறகுதான் ரேகை.

மனு வாங்கப்பட்டது, பதிவு எண் கிடைத்தது, கோட்டாட்சியருக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். கேன்டீனில் எல்லோருக்கும் பொங்கலும் வடையும். பஸ் செலவு ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து வந்தது, கணக்கை ஒரு அண்ணன் எழுதினார்.

அடுத்து எல்லை நடை. வரைபடம் வந்தாலும் வராவிட்டாலும், சித்திரை பிறந்ததும் மலைத்தேன் எடுக்கப் போகும்போதே கூடப் போய், தரையில் சாம்பலால் குறித்த இடங்களைக் கைப்பேசி ஜி.பி.எஸ்.ஸில் பதிவு செய்வதாகத் திட்டம். எப்போது மலையேறுவது என்பதைத் தேன் எடுப்பவர்கள் சொல்வார்கள். அவளும் பெண்கள் இருவரும் போகிறார்கள். என் வேலை இங்கே மதுரையில், அவள் அனுப்பும் குறிப்புகளைத் தட்டச்சு செய்து, காட்டை நிர்வகிக்கும் உரிமை கேட்கும் 'சி' படிவத்தில் ஏற்றி, மூன்று நகல் எடுத்து சாப்டூர் பஸ்ஸில் அனுப்புவது.